ஆறு பேர், ஐந்து இறால்

மண்டபம்வாசி
மே 26, இரவு 10.52

எங்கள் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டரில், ராமேசுவரம் சாலையை ஒட்டிய பழைய ஓட்டு வீடு ஒன்றை உணவகமாக மாற்றியிருக்கிறார்கள். திண்ணையில் இரண்டு மேசை, உள்ளே ஆறு. பிரியாணி கிடையாது, பரோட்டா கிடையாது, சாப்பாடும் கிடையாது. சின்னத் தட்டுகளில் பதினான்கு வகைப் பண்டங்கள். எல்லாவற்றையும் மேசை நடுவில் வைத்து, எல்லாரும் எடுத்துக்கொள்ள வேண்டும். கார்டில் ‘ஷேரிங் பிளேட்’ என்று போட்டிருக்கிறது. துணைக்கு ஆப்பமோ இடியாப்பமோ தனியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

சென்னையிலிருந்து தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். அவன்தான் இழுத்துக்கொண்டு போனான். அப்பா, நான், என் மனைவி, தம்பி, அவன் மனைவி, பத்து வயதுப் பையன் என்று ஆறு பேர். ஒன்பது தட்டுகள் சொன்னோம்.

ருசியைக் குறை சொல்ல மாட்டேன். நெத்திலிப் பொரியல் மொறுமொறுப்பாக இருந்தது. தேங்காய்ப்பாலில் போட்ட கணவாய் இன்னும் நாக்கில் நிற்கிறது. ஆனால் இறால் தட்டு வந்தபோது எண்ணிப் பார்த்தேன். ஐந்து இறால். நாங்கள் ஆறு பேர். பையன் இரண்டை எடுத்துவிட்டான். மிச்சம் மூன்று. ‘நீ எடு’, ‘இல்லை, நீ எடு’ என்று தட்டு இரண்டு சுற்று சுற்றி, கடைசியில் ஓர் இறால் ஆறிப்போய் அப்படியே கிடந்தது. அதைத் தொட ஒருவருக்கும் மனம் வரவில்லை. சர்வர் வந்து எடுத்துக்கொண்டு போனபோதுதான் எல்லாருக்கும் மூச்சு வந்தது.

அப்பா நாற்பது வருடம் மீன் ஏலத்தில் கணக்கு எழுதியவர். அன்று ஓர் ஆப்பமும் இரண்டு நெத்திலியும் தின்றிருப்பார். கேட்டால் ‘பசியில்லை’ என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால், இரவு பத்தரை மணிக்குச் சமையலறையில் பழைய சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடு. நான் பார்த்ததைப் பார்த்ததும் விளக்கை அணைத்துவிட்டார்.

பில் 2,148 ரூபாய். இப்படிப்பட்ட கடை நம் கரைக்கு ஒத்துவருமா? போனவர்கள் சொல்லுங்கள்.


கணக்குப்பிள்ளை
மே 27, காலை 6.15

பில்லைப் பிரித்துப் போடுங்கள், பார்ப்போம்.


மண்டபம்வாசி
மே 27, காலை 7.40

தட்டுகளும் ஆப்பமும் சேர்த்து 1,860. சர்வீஸ் சார்ஜ் 186. அதற்கு மேல் ஜி.எஸ்.டி.


கணக்குப்பிள்ளை
மே 27, காலை 7.58

நினைத்தேன். 5 சதவீத ஜி.எஸ்.டி. சட்டப்படியானது, அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். சர்வீஸ் சார்ஜ் அப்படி அல்ல. பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. உணவகச் சங்கங்கள் வழக்குக்குப் போய், 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றத்தில் தோற்றும்விட்டன. ‘இதை எடுத்துவிடுங்கள்’ என்று சொன்னால் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் 1915 என்ற எண்ணுக்குப் புகார் செய்யலாம். போதாக்குறைக்கு உங்களிடம் அந்த 186 ரூபாய்க்கும் சேர்த்து வரி போட்டிருக்கிறார்கள். 2,046க்கு 5 சதவீதம் போட்டுப் பாருங்கள், உங்கள் 2,148 வந்துவிடும்.

தலைக்கு 358 ரூபாய் கொடுத்துவிட்டு உங்கள் அப்பா வீட்டில் பழைய சோறு தின்றிருக்கிறார். எனக்குச் சர்வீஸ் சார்ஜைவிட இதுதான் உறுத்துகிறது.


தொண்டிக்காரன்
மே 27, காலை 9.20

ஒத்துவராது. காசை விடுங்கள், எச்சிலைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே! ஒன்பது தட்டுகளுக்கு எத்தனை கரண்டி வைத்தார்கள்? ஆப்பத்தைப் பிய்த்த கையாலேயே நடுத்தட்டிலும் தொட்டிருப்பீர்கள். தண்ணீர்ச் செம்பைக்கூட அண்ணாந்து குடிக்கச் சொல்லி வளர்த்த ஊர் இது. அவரவர் இலை, அவரவர் சோறு. அதில் என்ன குறை கண்டீர்கள்?


மண்டபம்வாசி
மே 27, காலை 9.45

நான்கு கரண்டி வைத்தார்கள் அண்ணன். நீங்கள் சொல்வது உண்மைதான், பாதியில் கணக்குத் தப்பிவிட்டது.


கீழக்கரை மருமகள்
மே 27, பிற்பகல் 2.30

தொண்டி அண்ணனுக்கு ஒரு பதில். நீளமாகத்தான் இருக்கும்.

நான் பிறந்து வளர்ந்தது மதுரை. ஒருவர் கடித்த முறுக்கை இன்னொருவர் தொடாத வீடு. கல்யாணமாகிக் கீழக்கரைக்கு வந்த பத்தாம் நாள், உறவுக்காரர் வீட்டு விருந்து. பெண்கள் பக்கம் பாய் விரித்து ஒரு சஹனைக் கொண்டுவந்து வைத்தார்கள். சஹன் என்றால் அரபியில் தட்டு, அவ்வளவுதான். ஆனால் இது நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே தட்டு. நெய்ச்சோறு குவியலாக, அதன் தலையில் கறி, ஓரத்துக் கிண்ணத்தில் தால்சா. சுற்றி நான், மாமி, நாத்தனார் இருவர். எனக்குத் தொண்டையில் எதுவோ அடைத்துக்கொண்டது.

எங்கே கை வைப்பது என்று தெரியாமல் நேராக நடுக் குவியலில் வைத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்துத்தான் மற்றவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தேன். ஒவ்வொருவரும் தன் முன்னால் இருக்கும் சோற்றை மட்டும் தின்றுகொண்டு போகிறார்கள். தட்டுக்குள் கோடு போட்டதுபோல் நான்கு பங்கு. உனக்கு அருகில் இருப்பதை உண் என்பது நபிமொழி; சிறு பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான். என் பங்கில் மற்றவர் கை படவே இல்லை. ஆகவே எச்சில் என்று நான் பயந்தது பாதி வீண்.

கறி நடுவில் இருக்கிறதே, அதை யார் எடுப்பது? அது மாமியின் வேலை. வலது கைப் பெருவிரலால் எலும்பிலிருந்து கறியை உருவி, ஒவ்வொரு துண்டாக எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். பேசிக்கொண்டேதான். யாருக்கு எவ்வளவு வந்தது என்று எண்ணியதாகவே தெரியவில்லை, ஆனால் எல்லாருக்கும் வந்தது. கை கழுவ எழுந்தபோது பார்த்தேன், மாமியின் பக்கம் எலும்பு மட்டும் கிடந்தது. நான் முடிக்கும்வரை அவர் எழவும் இல்லை, வெறும் சோற்றைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உங்கள் ஐந்து இறால் கதையைப் படித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது தம்பி. உங்கள் மேசையில் ஆறு பேரும் விருந்தாளியாக உட்கார்ந்துவிட்டீர்கள். மாமி வேலையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் அப்பா வீட்டில் அதைச் செய்கிறவராக இருப்பார் என்று தோன்றுகிறது. அங்கே கார்டும் பேச்சும் தம்பி கையில் இருந்ததால் அவர் கையைக் கட்டிக்கொண்டுவிட்டார்.


தொண்டிக்காரன்
மே 27, மாலை 4.05

சஹன் எனக்கும் தெரியும் அம்மா, தொண்டியில் இல்லாததா? அது சொந்தக்காரர்களோடு. 2,000 ரூபாய் கொடுத்து ஓட்டலில் போய் யாராவது சஹன் உண்பார்களா?


கீழக்கரை மருமகள்
மே 27, மாலை 4.12

அவரும் சொந்தக்காரர்களோடுதானே போயிருக்கிறார் அண்ணன்!


உப்புக்காற்று
மே 28, நள்ளிரவு 12.20

அடுப்படியிலிருந்து ஒரு குரல். ராமேசுவரத்தில் ஓர் ஓட்டலில் ஒன்பது வருடமாகச் சட்டி பிடிக்கிறேன். இப்போதுதான் வேலை முடிந்தது.

முதலில் அந்த ஐந்து இறால். அதில் கஞ்சத்தனம் எதுவும் இல்லை. இறாலைக் கவுண்ட் சொல்லித்தான் வாங்குவோம், அதாவது கிலோவுக்கு எத்தனை நிற்கிறது என்று. 50 கவுண்ட் இறாலில் தட்டுக்கு 100 கிராம் என்று வைத்தால் ஐந்துதான் வரும். அடுப்படிக்கு எடைதான் தெரியும், மேசையில் எத்தனை தலை என்று தெரியாது. ‘ஆறு பேர் இருக்கிறோம், ஆறாக வையுங்கள், கூடுதலுக்குக் காசு போட்டுக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். எந்த மாஸ்டரும் மறுக்க மாட்டார். கேட்க வெட்கப்படுகிறார்கள், பிறகு வீட்டுக்குப் போய்த் திட்டுகிறார்கள்.

இரண்டாவது, ஒன்பது தட்டுகளையும் ஒரே மூச்சில் சொன்னது தப்பு. அடுப்பில் எது முதலில் இறங்குகிறதோ அதுதான் முதலில் வரும். கணவாய் சட்டியில் விழுந்து இரண்டு மூன்று நிமிடத்தில் இறங்க வேண்டும். தாண்டினால் ரப்பர். அதற்குப் பிறகு மறுபடி மெதுவாவதற்கு முக்கால் மணி நேரம் கொதிக்க வேண்டும். அதனால் கணவாய் தயாரானதும் ஓடி வந்துவிடும், நீங்கள் அப்போது வேறு எதையாவது மென்றுகொண்டிருப்பீர்கள். மூன்று மூன்றாகச் சொல்லுங்கள்.

வரிசையும் உண்டு. தேங்காய்ப்பால் போட்டது முதலில், பொரித்தது அடுத்து, குண்டு மிளகாய் வறுவல் அதற்குப் பிறகு. நம் ஜில்லாக் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் அதை முதலில் தின்றுவிட்டு மீனின் ருசி தெரியவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். நண்டு கடைசி. நண்டைக் கையில் எடுத்தால் இரண்டு கையும் போயிற்று. அந்தக் கையோடு நடுத்தட்டில் கரண்டி பிடிக்க முடியாது. பாதி எச்சில் பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. அதை ஆளுக்கொன்றாகத் தனித் தட்டில் வைக்கச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். நீங்கள் போனது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. கரைக்கு வருவது நாட்டுப்படகு மீன், கரைவலை மீன், தூண்டில் கணவாய். எல்லாம் பொடி மீன், கொஞ்சம் கொஞ்சமாக வரும். இந்த மாதங்களில் பெரிய ஓட்டலில் பெரிய துண்டு மீன் கிடைத்தால் அது எத்தனை நாள் ஐஸில் கிடந்தது என்று கேட்டுவிட்டுத் தின்னுங்கள். அந்த ஓட்டு வீட்டுக்காரர் பதினான்கு சின்னத் தட்டுகளாகப் போட்டிருப்பது, கிடைக்கிற மீனுக்குத் தகுந்த கடையாக எனக்குப் படுகிறது. எங்கள் முதலாளிக்கு இந்த யோசனை வரவில்லை.


பனங்காடு
மே 28, காலை 8.10

சைவத்துக்கு ஏதாவது உண்டா? மீன் பொரித்த எண்ணெயிலேயே வாழைக்காயையும் போடுகிறார்களா?


உப்புக்காற்று
மே 28, காலை 11.30

எங்கள் கடையில் சட்டி வேறு. அந்தக் கடையில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேளுங்கள், வெட்கப்படாதீர்கள் என்பதைத்தான் நேற்று ஒரு பக்கத்துக்கு எழுதினேன்.


கணக்குப்பிள்ளை
மே 28, பகல் 12.02

கார்டில் வஞ்சிரம் உண்டா? அது என்ன விலை?


தொண்டிக்காரன்
மே 28, பகல் 12.30

வஞ்சிரமா? சீலா என்று சொல்லுங்கள். சென்னைக்குப் போய்வந்தால் மீனின் பெயரும் மாறிவிடுமா?


கணக்குப்பிள்ளை
மே 28, பகல் 12.34

கார்டில் வஞ்சிரம் என்றுதானே அச்சடிக்கிறார்கள்! கன்னியாகுமரிப் பக்கம் அதையே நெய்மீன் என்பார்கள். எந்தப் பெயரில் கேட்டாலும் விலை குறையாது.


மண்டபம்வாசி
மே 28, இரவு 9.15

சீலா இல்லை. ‘தடைக்காலம் முடியட்டும் சார்’ என்று சர்வர் சொன்னார். அன்று எனக்கு அது சாக்காகப் பட்டது.

மருமகள் அக்கா சொன்னதை இரண்டு முறை படித்தேன். வீட்டில் மீன் குழம்பு என்றால் யாருக்கு வால் துண்டு, யாருக்கு நடுத்துண்டு என்று பங்கு வைப்பவர் அப்பாதான். அம்மா இருந்த காலத்திலும் அப்படித்தான்.


மண்டபம்வாசி
ஜூன் 23, இரவு 11.10

இழையை மேலே கொண்டுவருகிறேன். நேற்று மறுபடி அந்தக் கடைக்குப் போனோம். இந்த முறை பரமக்குடியிலிருந்து அக்காளும் அத்தானும் வந்திருந்தார்கள். அப்பா, நான், மனைவி, அக்காள் மகள் என்று மறுபடியும் ஆறு பேர்.

உட்கார்ந்ததும் கார்டை அப்பா கையில் கொடுத்தேன். அவர் அதைப் பிரிக்கவே இல்லை. சர்வரைக் கூப்பிட்டு, ‘இன்று இருப்பது விசைப்படகு மீனா, நாட்டுப்படகு மீனா?’ என்று கேட்டார். எங்கள் பக்கம் பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று முறை வைத்துப் போகிறார்கள். எந்த நாளில் எது வரும் என்று அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்கிறார். பையன் விழித்தான். உள்ளேயிருந்து மாஸ்டரே தோளில் துண்டோடு வந்துவிட்டார். இருவரும் ஐஸ் பெட்டிப் பக்கம் போய்ப் பத்து நிமிடம் வரவில்லை. அக்காள் மகள் ‘தாத்தா சமைக்கப் போய்விட்டாரா?’ என்று கேட்டாள்.

திரும்பி வந்து மூன்று தட்டுகள் மட்டும் சொன்னார். தேங்காய்ப்பால் கணவாய், இறால் ‘ஆறாக’, முழு விளைமீன் ஒன்று. முழு மீன் கார்டிலேயே கிடையாது. மாஸ்டர் ஒத்துக்கொண்டுவிட்டார்.

விளைமீன் வந்தது. மேலே பொரித்த கறிவேப்பிலை, பக்கத்தில் சின்ன வெங்காயம். அப்பா முதுகுப் பக்கம் பெருவிரலை வைத்து வால்வரை ஒரு கோடு இழுத்தார். மேல்பாதிச் சதை தானாக விலகியது. அதை நான்காகப் பிரித்தார். பிறகு வாலைப் பிடித்து நடுமுள்ளை மெல்லத் தூக்க, தலையோடு சேர்ந்து சீப்புப்போல ஒரே எலும்பாக வந்துவிட்டது. கீழ்ப்பாதியில் வயிற்றுப் பக்கத்துச் சிறுமுட்களை விரலால் தடவித் தடவி எடுத்துவிட்டு அக்காள் மகள் பக்கம் தள்ளினார். யாருக்கும் ‘நீ எடு, நான் எடு’ என்று சொல்ல வாய்ப்பே வரவில்லை, அதற்குள் எல்லார் தட்டிலும் மீன் இருந்தது. கரண்டி நான்குதான், ஆனால் எடுத்துப் போட்ட கை ஒன்றுதான். தொண்டி அண்ணன் கவனிக்க.

தலையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். அத்தான் நெகிழ்ந்துபோய், ‘மாமா, நீங்கள் சதையே எடுக்கவில்லையே’ என்றார். அப்பா பதில் சொல்லாமல் கன்னத்துச் சதையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். இதில் தியாகம் எதுவும் இல்லை. மீன் தலையில்தான் ருசி என்பது ஏலக்கடையில் இருந்தவருக்குத் தெரியாதா? முழு மீனாகக் கேட்டதே அதற்காகத்தான் என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

பிறகு இன்னும் மூன்று தட்டுகள், ஆப்பம், கடைசியில் தனித்தனித் தட்டில் நண்டு. சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொன்னேன், முகம் சுளிக்காமல் எடுத்துவிட்டார்கள். சர்வர் பையனுக்குக் கையில் 100 ரூபாய் கொடுத்தேன். பில் 2,310. போன முறையைவிடக் கூடுதல்தான் கணக்குப்பிள்ளை ஐயா, ஆனால் இரவு சமையலறையில் விளக்கு எரியவில்லை.


கீழக்கரை மருமகள்
ஜூன் 24, காலை 10.05

நீங்கள் தலைக்கதையை எழுதியதும் எனக்கும் பொறி தட்டியது. இன்று காலை மாமியிடம், ‘அன்று முதல் விருந்தில் கறியை எல்லாம் எங்களுக்குத் தள்ளிவிட்டு நீங்கள் எலும்பை வைத்துக்கொண்டீர்களே’ என்று கேட்டேன். ‘நல்லி எலும்பை யாராவது விடுவார்களா?’ என்கிறார். பதினாறு வருடமாக அதை நினைத்து நான் கண் கலங்கிக்கொண்டிருந்தேன்.


தொண்டிக்காரன்
ஜூன் 24, காலை 10.40

எடுத்துப் போட்ட கை ஒன்று என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. கடை எந்த இடத்தில் இருக்கிறது என்று சரியாகச் சொல்லுங்கள்.


உப்புக்காற்று
ஜூன் 24, பகல் 3.50

முழு விளைமீனுக்கு என்ன விலை போட்டார்கள்? இனிப்பு உண்டா? எங்கள் முதலாளியிடம் சொல்லத்தான் கேட்கிறேன்.


மண்டபம்வாசி
ஜூன் 24, இரவு 8.30

தொண்டி அண்ணன், தனிமடலில் வழி அனுப்பியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை போய்விடாதீர்கள், விடுமுறை.

உப்புக்காற்றுத் தம்பி, மீனை எடை போட்டு 620 ரூபாய் வாங்கினார்கள். இனிப்புக்குத் தொதல் மட்டும்தான், கீழக்கரையிலிருந்து வருகிறதாம். உள்ளங்கை அகலத்தில் ஒரு வில்லை, கறுப்பாக, எண்ணெய் மினுமினுப்போடு. ஆறு பேருக்கு ஆறாக வெட்டித் தாருங்கள் என்றேன். சர்வர் இரண்டு கோடு போடுவதற்குள் கத்தி ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அப்பா கையை நீட்டினார். பையன் கத்தியை அவரிடம் கொடுத்துவிட்டு, கொஞ்சம் நெய் கொண்டுவர உள்ளே ஓடினான்.